தர்க்கத்துக்கு ஒரு மொழி போதும்

கெலமங்கலம் சந்தையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் வாதாடித் தக்காளி விலையைக் குறைப்பவர்களுக்குத் தர்க்க அறிவு உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. யாரும் அதை ஆங்கிலத்தில் நிரூபிக்கவில்லை. அந்தக் குறையைப் போக்கத்தான் 2008 முதல் ஆங்கிலத்தில் மட்டும் கிளாட் என்ற சட்ட நுழைவுத் தேர்வு நடக்கிறது. இப்போது இரண்டு மணி நேரம், 120 கேள்விகள். ஒன்றுக்கு ஒரு நிமிடம். வழக்குகள் தாத்தா காலத்திலிருந்து வாய்தா வாங்கும் நாட்டில், வருங்கால வக்கீலுக்கு வேகம் எவ்வளவு அவசியம் என்று விளக்க வேண்டியதில்லை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். தோற்ற வக்கீல் ஃபீஸில் கால்வாசியைத் திருப்பித் தருகிறாரா என்று கேட்கலாம். அது தொழில், இது தேர்வு.

தமிழ்வழியில் படித்த பிள்ளை என்ன செய்யும் என்பது இன்னொரு ஆட்சேபம். வலுவில்லாதது. கிளாட் வழியாகச் சேர்த்துக்கொள்ளும் பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, கெலமங்கலத்திலிருந்து ஓசூர் வழியாக பஸ்ஸில் போகிற தூரம்தான். ஆனால் பக்கத்தில் இருப்பதெல்லாம் எட்டும் என்று முடிவுகட்டுவது தர்க்கப் பிழை. தமிழ்நாட்டின் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகமோ பிளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் பார்த்தே சேர்த்துக்கொள்கிறது. அங்கே படித்தவர்களும் கோர்ட்டில் ஜெயிப்பது எப்படியென்று தனியாக விசாரிக்க வேண்டும்.

கிளாட் தேர்வின் தரத்துக்குச் சான்று வேண்டுவோர் 2025 சேர்க்கையைப் பார்க்கலாம். எது சரியான விடை என்ற தகராறில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் மே மாதம்தான் ஓய்ந்தது. அத்தனை நீதிபதிகள் மாதக்கணக்கில் யோசித்த கேள்விக்கு, பிளஸ் டூ பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது ஒரு நிமிடம்.