ஜூலுவின் தலை, நூபியனின் வால்

வயதானவருக்கு வேகத்தின் மேல் மோகம் வந்தால் வீட்டில் உள்ளவர்களுக்குத்தான் கஷ்டம். பிரிட்டிஷ் கடற்படைக்கு அந்தக் கஷ்டம் 1904-இல் வந்தது. பெயர் ஜாக்கி ஃபிஷர். இலங்கையில் ரம்பொடை என்ற மலைநாட்டு ஊரில் பிறந்து, பதின்மூன்று வயதில் கடற்படையில் சேர்ந்து, அறுபத்து மூன்றாம் வயதில் அதன் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர். கடிதம் எழுதினால் வரிக்கு வரி அடிக்கோடு, மூச்சுக்கு மூச்சு ஆச்சரியக்குறி. இனிக் கட்டப்போகும் டெஸ்ட்ராயர்கள் 33 நாட் வேகத்தில் ஓடவேண்டும் என்று அவர் உத்தரவு போட்டார். மணிக்கு 61 கிலோமீட்டர். எங்கே போவதற்கு இந்த அவசரம் என்று கேட்டவர் யாராவது இருந்தால், அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்காது.

கடற்படையின் தலைமையகமான அட்மிரால்டி செய்த அடுத்த காரியம் இன்னும் அழகு. வேகம் இவ்வளவு, பீரங்கி இத்தனை என்று ஒரு பட்டியலை மட்டும் நீட்டிவிட்டு, "படத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள்" என்று தனியார் கப்பல் கட்டுமிடங்களிடம் விட்டுவிட்டது. ஆளுக்கொரு படம் வரைந்தார்கள். மொத்தம் பன்னிரண்டு கப்பல்கள். பெயர் மட்டும் ஒரே வகுப்பு. ஒன்றுக்கு மூன்று புகைபோக்கி, இன்னொன்றுக்கு நான்கு. வைக்கிங் என்ற கப்பலுக்கு ஆறு! பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் எதற்கும் அதற்கு முன்னும் பின்னும் ஆறு வைத்ததில்லை. நீளம் ஒத்துப்போகாது, அகலம் ஒத்துப்போகாது.

பெயர் சூட்டுவதில்தான் சாம்ராஜ்யத்தின் நகைச்சுவை உணர்ச்சி தெரிகிறது. இதற்கு 'ட்ரைபல்' வகுப்பு என்று பெயர். பெரும்பாலான கப்பல்களுக்கு ஓர் இனக்குழுவின் பெயர். 1879-இல் இசாண்டில்வானாவில் பிரிட்டிஷ் படையை ஓட ஓட விரட்டியவர்கள் ஜூலுக்கள். நியூசிலாந்தில் வருடக்கணக்காக மல்லுக்கு நின்றவர்கள் மாவோரிகள். 1897-இல் கைபர் கணவாயைப் பிடுங்கிக்கொண்டவர்கள் அஃப்ரிதிகள். மூன்று பேரும் கப்பலானார்கள். சண்டையில் எவன் நன்றாக அடித்தானோ அவன் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது ஒரு பெருந்தன்மைதான். நிலத்தைத் திருப்பிக் கொடுப்பதைவிட நிச்சயமாகச் செலவு குறைவு.

வேகம் வந்ததா? வந்தது. டார்டார் என்ற கப்பல் வெள்ளோட்டத்தில் 35 நாட்டையும் தாண்டிக் காட்டியது. ஆனால் நிலக்கரியை விட்டுவிட்டு எண்ணெயை மட்டும் எரிக்கும் கொதிகலன்கள். அவற்றின் பசி யானைப் பசி. அஃப்ரிதியும் அமேசானும் ஒருமுறை எண்ணெய்க் கிடங்குக்குப் போய்வரக் கிளம்பின. போகவர மூன்று மைல். அதற்கு நீராவி ஏற்றவே ஆளுக்கு ஒன்பதரை டன் எண்ணெய் தீர்ந்தது. எண்ணெய் வாங்கப் போகும் செலவிலேயே எண்ணெய் தீர்ந்துபோகும் இந்தக் கப்பல்களை நடுக்கடலுக்கு எப்படி அனுப்புவது? எனவே முதல் உலகப் போர் வந்ததும் டோவர் காவலுக்கு விட்டார்கள். டோவர் நீரிணையின் குறுகலான இடம் சுமார் 33 கிலோமீட்டர். ஃபிஷர் கேட்ட வேகத்தில் கிளம்பினால் அரை மணியில் கடல் தீர்ந்துவிடும்.

1916 அக்டோபர் 26 இரவு. பெல்ஜியக் கரையிலிருந்து ஜெர்மன் டார்பிடோ படகுகள் நீரிணைக்குள் புகுந்தன. நீர்மூழ்கிகளைத் தடுக்க வலை விரித்துக்கொண்டிருந்த மீன்பிடிப் படகுகள் ஆறு மூழ்கின. ஃப்ளர்ட் என்ற பழைய டெஸ்ட்ராயர் அந்நியக் கப்பல்களைப் பார்த்தது. நம்ம ஆட்கள்தான் என்று முடிவுகட்டியது. அந்த முடிவோடு அதன் கதையும் முடிந்தது. உதவிக்குக் கிளம்பிய கப்பல்கள் ஒன்றாகச் சேர்ந்து போயிருக்கலாம். தனித்தனியாகப் போயின. முந்திக்கொண்டு ஓடிய, ட்ரைபல் வகுப்பைச் சேர்ந்த நூபியனின் முன்பக்கத்தில் டார்பிடோ பாய்ந்தது. வேகமாகப் போவதில் உள்ள சங்கடம் இது: அடியும் முதலில் கிடைக்கும். இழுத்து வரும்போது புயலில் கயிறு அறுந்து, சிதைந்த மூக்கையும் பறிகொடுத்து, சவுத் ஃபோர்லாண்ட் கரையில் நூபியன் தரைதட்டியது.

நவம்பரில் ஜூலு ஒரு கடற்கண்ணியில் ஏறியது. இதற்குப் போனது பின்பக்கம். மிச்சத்தைக் கலே துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

ஒன்றுக்குத் தலை இல்லை. இன்னொன்றுக்கு வால் இல்லை. சாதாரண மனிதர் இரண்டையும் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டிருப்பார். ஆனால் நீர்மூழ்கிகள் வாராவாரம் கப்பல்களை விழுங்கிக்கொண்டிருந்த காலம். அரை டெஸ்ட்ராயரைக்கூடத் தூக்கிப்போட மனம் வராது. இரண்டையும் சத்தம் தொழிற்சாலைக்கு, அதாவது கென்ட்டில் உள்ள கடற்படையின் கப்பல் பட்டறைக்கு, இழுத்துக்கொண்டு போனார்கள். ஊரின் பெயரே சத்தம்தான்; ஆணி அடிக்கும் சத்தத்துக்குக் குறைவிருந்திருக்காது. ஜூலுவின் முன்பக்கம், நூபியனின் நடுவும் பின்னும். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அகலத்தில் மூன்றரை அங்குலம் வித்தியாசம்! நியூகாசில் அருகே கட்டியவருக்கும் சவுதாம்ப்டனில் கட்டியவருக்கும் ஆளுக்கொரு படம் வரையச் சொன்ன புண்ணியம், பத்து வருடம் கழித்து வட்டியோடு வந்து நின்றது. பட்டறைக்காரர்கள் தகடுகளை வளைத்து, நெளித்து, ஒட்டவைத்துவிட்டார்கள். அட்மிரால்டியால் ஒரே மாதிரி கட்டவைக்க முடியாத இரண்டு கப்பல்களை ஒற்றுமையாக்க ஜெர்மன்காரன் வெடிவைக்க வேண்டியிருந்தது.

பெயர் ஜூபியன். தலைப்பாதி ஜூலு, வால்பாதி நூபியன் என்று கப்பலில் உள்ள வரிசைப்படியே பெயரும் அமைந்தது. திருப்பிப் போட்டிருந்தால் 'நூலு' ஆகியிருக்கும். தைத்த கப்பலுக்குப் பொருத்தம்தான்.

1917 ஜூனில் கடலுக்கு வந்த ஜூபியன், 1918 பிப்ரவரியில் யூசி-50 என்ற நீர்மூழ்கியைத் தாக்கி மூழ்கடித்ததாக ஏட்டில் வரவு வைத்தார்கள். பின்னாளில் வந்த ஆய்வாளர்கள் அந்த நீர்மூழ்கி அதற்கு முன்பே வேறெங்கோ தொலைந்திருக்கும் என்று சந்தேகம் கிளப்பினார்கள். இரண்டு பாதிக் கப்பல்களுக்குச் சேர்த்துக் கிடைத்த ஒரே பெருமை, அதையும் விட்டுவைக்கவில்லை. 1919-இல் ஜூபியனை உடைக்க விற்றார்கள்.

கடற்படைக்கு மட்டும் அந்தப் பெயர்களின் மேல் ஆசை விடவில்லை. அடுத்த போருக்குப் புதிய ட்ரைபல் வகுப்பு கட்டியபோது மறுபடியும் ஒரு ஜூலு, மறுபடியும் ஒரு நூபியன். இந்தத் தடவை கப்பல்களை ஒரே படத்தை வைத்துக் கட்டினார்கள், பாடம் படித்தாயிற்று. 1941 மே மாதம் கிரீட் தீவருகே குண்டு விழுந்து நூபியன் மறுபடியும் உடைந்தது; போன தடவை மூக்கு என்பதால் இந்தத் தடவை வால். இரவல் வால் கேட்க ஆளில்லை. அப்போது ஜூலு முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. பம்பாய்வரை கொண்டுவந்து புது வால் வைத்தார்கள். அதற்கு எந்த இனத்தின் பெயரையும் சேர்க்கவில்லை. மராட்டியத் தொழிலாளி கேட்டிருந்தால் 'நூபாய்' என்றாவது வைத்திருக்கலாம்.