பத்மஸ்ரீ சரி, பட்டா?

ஆஸ்திரேலியா மாதிரி நம் அரசும் பழங்குடிகளிடம் மன்னிப்புக் கேட்குமா? (அல்சூர்)

யாரிடம் கேட்பது என்பதிலேயே சிக்கல். இந்தியர் எல்லோருமே பூர்வகுடிகள்தான் என்பது ஐ.நா.வில் நம் அரசு சொல்லிவரும் பதில். எல்லோரும் மாப்பிள்ளை வீட்டாராகிவிட்டால் பந்தி பரிமாற ஆள் ஏது? ஆஸ்திரேலியாவில் 2008-ல் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். பலரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பூர்வகுடிகளுக்கென்று ஓர் ஆலோசனை அமைப்பை அரசியல் சாசனத்தில் சேர்க்கலாமா என்று 2023-ல் வாக்கெடுப்பு வைத்தபோது, நூற்றுக்கு அறுபது பேர் 'வேண்டாம்' என்று குத்தினார்கள்.

ஐ.டி. வேலை பார்க்கிறேன். யார் நிலத்தையும் நான் பிடுங்கவில்லை. எனக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? (எலெக்ட்ரானிக் சிட்டி)

காலையில் குழாயைத் திறந்தீர்களா? கபினி, தி. நரசிப்புராவில் காவிரியோடு கலக்கிறது. அந்தக் காவிரிதான் தொரேகாடனஹள்ளியில் சுத்தமாகி, மேடேறி பெங்களூருக்கு வருகிறது. 1974-ல் கபினி அணை முடிந்தபோது, கரையோரக் காட்டில் இருந்த ஹாடிகள் (பழங்குடிக் குடியிருப்புகள்) தண்ணீருக்குள் போயின. எங்கள் அடுக்ககத்துக்கு டேங்கர் தண்ணீர்தான் என்கிறீர்களா? சரி, காப்பிக்கு வருவோம். குடகுத் தோட்டங்களில் 'லைன் மனை' என்ற வரிசை வீடுகளில் தலைமுறையாக இருந்து காப்பிப் பழம் பறிப்பவர்களில் எரவர் பழங்குடியினர் ஏராளம். பறிப்பது அவர்கள், தோட்டம் வேறொருவருடையது.

நாகரஹொளேயிலிருந்து வெளியேற்றப்பட்ட பழங்குடிக் குடும்பங்கள் 3,418 என்று, கர்நாடக உயர் நீதிமன்றம் அமைத்த முசாஃபர் அசாதி குழு 2014-ல் கணக்குக் கொடுத்தது. வாரக் கடைசியில் நாம் ஜீப்பில் ஏறி யானை பார்க்கப் போகும் காடு அது. நீங்கள் பிடுங்கவில்லை, வாஸ்தவம். பங்கு மட்டும் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறது.

2025 மே மாதம் அதே நாகரஹொளேக்குள் 52 ஜேனுகுருபக் குடும்பங்கள் போய் உட்கார்ந்தார்களே, அது ஆக்கிரமிப்பு இல்லையா? (ஜெயநகர்)

அவர்கள் போனது தங்கள் பழைய ஊரான கரடிக்கல்லு ஆத்தூர் கொல்லிக்கு. 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் விதிகள் எதையெல்லாம் சாட்சியாக ஏற்கின்றன என்று பாருங்கள்: பெரியவர்கள் வாய்மொழி, சுடுகாடு, இடுகாடு, வழிபாட்டிடம், கிணறு. காகிதம் கையில் இல்லாதவன் பாட்டன் சமாதியைக் காட்டலாம். இது சட்டமே சொல்வது. என் இளகிய மனசு சொல்வதல்ல.

விதிமீறிக் கட்டிய மாடிகளுக்கு அபராதம் வாங்கிக்கொண்டு 'அக்ரம சக்ரம' என்று பட்டம் கட்டப் பார்த்த ஊர் நம்முடையது. 2017-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டதால்தான் நின்றது. எத்தனை ஜெயநகர்வாசிகள் அன்று 'ஆக்கிரமிப்பு' என்று கடிதம் எழுதினீர்கள்?

புலி வாழ வேண்டுமென்றால் மனிதன் விலகத்தானே வேண்டும்? (மல்லேஸ்வரம்)

பிளிகிரிரங்கன் மலைக்குப் போய் அங்குள்ள பழங்குடிகளான சோலிகரைக் கேளுங்கள். சருகு உதிர்ந்ததும் தரையோடு தரையாக மெல்லிய தீ வைப்பது அவர்கள் வழக்கம். சரணாலயம் என்று அறிவித்ததும் தீ கூடாது என்றாகிவிட்டது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு அடைத்துக்கொண்டது, நெல்லி மரத்தில் புல்லுருவி ஏறியது என்கிறார்கள். உண்ணிச்செடிக்குள் மான் மேயப் புல் ஏது? மானில்லாமல் புலி எதைத் தின்னும்? பெங்களூரின் அட்ரீ நிறுவன ஆய்வாளர்களே இந்தக் கதையைக் காது கொடுத்துக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். 2011-ல் அந்த மலை புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டில் அங்கேயே சோலிகருக்குச் சமூக வன உரிமையும் கிடைத்தது. புலிக் காப்பகம் ஒன்றுக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல். 'புலியா, மனிதனா' என்ற பட்டிமன்றத்தை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மலைக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதெல்லாம் பத்மஸ்ரீ கொடுத்துக் கௌரவிக்கிறார்களே, மனநிலை மாறிவிட்டது என்று சொல்லலாமா? (விவேக் நகர்)

செருப்பில்லாத காலோடு ராஷ்டிரபதி பவனில் நடந்துபோய், மரம் வளர்த்த துளசி கௌடா விருது வாங்கியதைப் பார்த்து நானும்தான் கை தட்டினேன். அவர் ஹாலக்கிச் சமூகம். பழங்குடிப் பட்டியலில் சேருங்கள் என்று அந்தச் சமூகம் நெடுநாளாகக் கேட்கிறது. 2024 டிசம்பரில் அம்மா போய்ச் சேர்ந்தார். ஹாலக்கிகள் அப்போதும் பட்டியலுக்கு வெளியேதான் நின்றார்கள். கை தட்டக் காசு செலவில்லை. பட்டியல், பட்டா என்றால் நமக்குக் கை வலி வந்துவிடுகிறது.

கர்நாடகத்தைக் குறை சொல்கிறீர்களே, தமிழ்நாடு யோக்கியமா? (ஓசூர்)

உங்கள் ஊரிலிருந்து தருமபுரி பக்கம்தானே? வாச்சாத்தி என்ற பழங்குடி ஊரைக் கேளுங்கள், வழி சொல்வார்கள். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடி வந்த வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் ஊரையே சூறையாடினார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011-ல் தீர்ப்பு வந்தபோது அதில் 54 பேர் உயிரோடு இல்லை. மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். மேல்முறையீடு முடிய 2023 ஆனது. அந்தப் பெண்களுக்கு ஆளுக்குப் பத்து லட்சம் கொடு என்றது சென்னை உயர் நீதிமன்றம். வருஷத்தால் வகுத்துப் பார்த்தால் நம் யோக்கியதை தெரிந்துவிடும்.

பழங்குடி வாழ்க்கையைப் பக்கத்தில் இருந்து பார்க்க, காட்டுக்குள் நல்ல ரிசார்ட் ஏதாவது? (ஒயிட்ஃபீல்டு)

நாகரஹொளேக்குள்ளேயே ஒன்று வந்தது ஐயா. குடியிருந்தவர்களை வெளியே போகச் சொன்ன அதே காட்டில், ஓட்டலுக்குக் குத்தகை. பழங்குடிகள் மறியல் செய்தார்கள், வழக்குக்குப் போனார்கள், 1997-ல் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அதனால் ரூம் கிடைக்காது.