வழக்கு நிலுவையில், கடன் கையில்

அரூர் சந்தையில் வட்டிக்குக் கொடுப்பவரிடம் பத்தாயிரம் ரூபாய் கேட்டுப் பாருங்கள். எந்த ஊர், யார் மகன், போன தடவை வாங்கியதை ஒழுங்காகக் கட்டினாயா, ஸ்டேஷனில் கேஸ் கீஸ் இருக்கிறதா என்று நாலு பேரிடம் விசாரித்த பிறகுதான் பெட்டியைத் திறப்பார். டோக்கியோவில் இருப்பவர்கள் பெரிய மனசுக்காரர்கள். 1997இல் தமிழ்நாடு வனத்துறையின் காடு வளர்ப்புத் திட்டத்துக்கு 1,300 கோடி யென்னுக்கு மேல் கடன் கொடுக்கக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டார்களா என்பது அவர்கள் மனசாட்சிக்கே வெளிச்சம். கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

இருக்கிறது ஐயா, கேஸ் இருக்கிறது. 1992 ஜூன் 20. சித்தேரி மலையடிவாரத்தில் வாச்சாத்தி என்று ஒரு மலையாளிப் பழங்குடிக் கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை மூன்றும் சேர்ந்து ஊருக்குள் புகுந்தன. பதினெட்டுப் பெண்களை ஏரிப் பக்கம் இழுத்துப்போய்ப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்களைச் சேலம் சிறையில் தள்ளினார்கள். வீடுகளை இடித்தார்கள். ஆடுகளை அறுத்துத் தின்ற மிச்சத்தைக் குடிதண்ணீர்க் கிணற்றில் வீசினார்கள். அது போதாதென்று டீசலையும் ஊற்றினார்கள். தானியத்தில் கண்ணாடித் தூளைக் கலந்துவிட்டுப் போனார்கள். சந்தனம் தேட வந்தவனுக்குக் கிணற்றில் என்ன வேலை, குதிருக்குள் என்ன வேலை? இந்த ஊரில் இனி ஒருவரும் குடியிருக்கக் கூடாது என்பதுதான் வேலை. மண்ணைப் பிடுங்குவதற்குப் பத்திரப்பதிவு அலுவலகம் தேவையில்லை. கிணறு ஒன்று போதும்.

அரசு மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் விடவில்லை. 1995இல் உயர் நீதிமன்றம் வழக்கை சிபிஐயிடம் கொடுத்தது. 1996இல் குற்றப்பத்திரிகை வந்தது. மொத்தம் 269 பேர், அதில் 155 பேர் வனத்துறை. அடுத்த ஆண்டே அதே துறையின் திட்டத்துக்கு ஜப்பான் கடன்! குற்றப்பத்திரிகையின் மை காய்வதற்கு யென் காற்று வீசியது.

அதற்குப் பிறகும் தேதிகளைப் பாருங்கள். 2005இல் இரண்டாம் கட்டக் கடன், வழக்கு நிலுவையில். 2011 பிப்ரவரியில் பல்லுயிர்ப் பாதுகாப்பு, பசுமையாக்கல் என்ற புதுப் பெயரில் மூன்றாவது கடன். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. 126 பேர் வனத்துறை. அவர்களில் நான்கு பேர் ஐஎஃப்எஸ் அதிகாரிகள். 2022இல் பருவநிலை மாற்றத்தையும் சேர்த்துக்கொண்டு நான்காவது கடன், மேல்முறையீடு நிலுவையில். 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. இதற்குள் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர்ப்பலகை ஓஇசிஎஃப், ஜேபிஐசி, ஜைக்கா என்று மாறிக்கொண்டே வந்தது. பலகை மாறினால் பழைய கணக்கு மறந்துபோகும் போலும். வாச்சாத்திப் பெண்கள் மட்டும் முப்பத்தோரு வருஷம் அதே பெயரோடு, அதே ஊரோடு கோர்ட் படி ஏறினார்கள்.

நிலத்தின் கதை இதைவிட நயமானது. 2002 மே மாதம் மத்திய வனத்துறை அமைச்சகம் ஒரு கடிதம் போட்டது: காட்டு ஆக்கிரமிப்பாளர்களைச் செப்டம்பருக்குள் வெளியேற்று. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெள்ளைக்காரன் காப்புக்காடு என்று கோடு போடுவதற்கு முன்பிருந்தே சாமை விதைத்தவன் ஆக்கிரமிப்பாளன். கோடு போட்டவன் சொந்தக்காரன். அந்தக் கெடு ஓடிய மாதங்களிலும் தமிழ்நாட்டில் ஜப்பான் பணத்தில் கன்று நட்டுக்கொண்டிருந்தார்கள். 2006இல் நாடாளுமன்றமே வரலாற்று அநீதி என்று ஒப்புக்கொண்டு வன உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2008இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது: தன் அனுமதி இல்லாமல் பட்டா வழங்கக் கூடாது. 2016 வரை தமிழ்நாட்டுப் பழங்குடிக்குப் பட்டா எட்டாக்கனி. அந்த எட்டு வருஷத்தின் நடுவில்தான் 2011 கடன் வந்தது. காட்டை மேம்படுத்தப் பணம் உண்டு. காடு யாருடையது என்று தீர்க்க மட்டும் நேரமில்லை.

மதிப்பீட்டுக் குழு எப்படி வரும் என்பது மலையோரக் கிராமங்களுக்கு அத்துப்படி. ஜீப் வரிசை, சாமியானா பந்தல், இளநீர், சால்வை. கிராம வனக் குழுத் தலைவர் எழுந்து, எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்பார். பக்கத்திலேயே அந்தக் குழுவின் உறுப்பினர்-செயலர் உட்கார்ந்திருப்பார்; அவர் வேறு யாருமல்ல, காக்கி போட்ட வனவர்தான். மினிட் புத்தகம் அவர் கையில், வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து. அவரை வைத்துக்கொண்டு, உங்கள் நிலத்தை யாராவது பிடுங்கினார்களா என்று கேட்டால் எவன் வாய் திறப்பான்? இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பு. ஜைக்காவின் வழிகாட்டு நெறிகளில் பழங்குடிகளின் சம்மதம் பற்றி அழகாக எழுதியிருக்கிறது. நெறி டோக்கியோவில், வனவர் சித்தேரியில்.

உள்நாட்டு விவகாரத்தில் தலையிட மாட்டோம், இறையாண்மை என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். அடேயப்பா! டெண்டரை எப்படி விடவேண்டும், கணக்கை யார் தணிக்கை செய்யவேண்டும், மின்கட்டணம் எவ்வளவு இருக்கவேண்டும் என்று பாடம் எடுக்கும்போதெல்லாம் அந்த இறையாண்மை எந்தக் காப்புக்காட்டில் ஒளிந்திருந்தது?

மனசு வைத்தால் முடியும் என்பதற்குச் சாட்சி ஜப்பானேதான். நர்மதை அணையின் விசைப்பொறிகளுக்குக் கடன் கொடுத்த அதே ஜப்பான், பழங்குடிகள் வெளியேற்றப்படுவதைக் கண்டித்து எழுந்த குரலைக் கேட்டு, 1990இல் மேற்கொண்டு பணம் கிடையாது என்றது. அதே அணைக்கு உலக வங்கி அமைத்த மோர்ஸ் குழு, விலகி நில் என்ற பொருளில் அறிக்கை கொடுத்தது 1992 ஜூன் 18 அன்று, வாச்சாத்திக்கு இரண்டே நாள் முன்பு. கென்யாவின் எம்போபுட் காட்டில் செங்வேர் பழங்குடி ஒருவரை வனக்காவலர்கள் சுட்டுக் கொன்றதும், 2018 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் தன் நீர்வளத் திட்ட நிதியை நிறுத்தியது. அங்கே ஓர் உயிருக்குப் பணப்பையைக் கட்டினார்கள். இங்கே ஓர் ஊரே அழிந்ததற்கு நான்கு முறை அவிழ்த்தார்கள்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் ஜப்பான் கடன்தான். புளூரைடு தின்ற பற்களோடு வளர்ந்த தருமபுரி மாவட்டம், அந்தத் தண்ணீருக்கு நன்றி சொல்கிறது. நன்றி சொன்ன வாயால் கேள்வியும் கேட்கும். அசலும் வட்டியும் கட்டப்போவது நம் வரிப்பணம், வாச்சாத்திக்காரர் வாங்கும் தீப்பெட்டியின் வரி உட்பட. தன்னை அடித்த துறைக்கு வந்த கடனுக்குத் தானே தவணை கட்டும் பாக்கியம் உலகத்தில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

சென்னையில் இருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். கடன் கேட்டுக் கை நீட்டியது நாம் தேர்ந்தெடுத்த அரசுகள். இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்ற பேதமே இல்லை. 2022 நவம்பரில் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். யானைக்கு இடம் வேண்டும், மறுக்கவில்லை. யானையின் பெயரைச் சொல்லி அடுத்த ஆக்கிரமிப்பாளர் பட்டியல் தயாராகுமா என்பதுதான் கேள்வி.

அடுத்த கடன் கோப்பு எந்த மேசையில் இருந்தாலும் அதன் முதல் பக்கத்தில் மூன்று நிபந்தனை எழுதுங்கள். வன உரிமைச் சட்டப்படி வந்த மனுக்கள் தீராத காட்டில் ஒரு குழிகூடத் தோண்டக் கூடாது. பழங்குடிகள் மீதான குற்றத்தில் குற்றப்பத்திரிகை வாங்கியவர் கையில் திட்டப் பணம் போகக் கூடாது. கிராமசபை காக்கி இல்லாமல் கூடி வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம்தான். எழுத முடியாதென்றால், தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பின் நகல் பொது ஆவணம். ஜப்பானிய மொழியில் பெயர்த்து அனுப்பும் செலவை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். அதற்கு வட்டியும் வேண்டாம்.