மருமவனுக்கு முதுகுல ஒரு கட்டி

வா மருமவனே. மாசக்கணக்கா ராத்திரி பூரா திண்ணையில சாஞ்சு உக்காந்தே உறங்குன. பொண்டாட்டி வெரட்டிட்டான்னு ஊரே பேசிச்சு. படுத்தா வலி கூடுதுன்னு வாயத் தொறந்து சொன்னாத்தான? எண்ணெய் தடவுன, வர்மம் தட்டுன. கடைசில ஒரு கால் செருப்பு கழண்டது தெரியாம கடைத்தெரு வரைக்கும் போய் நின்ன பெறவுதான் தொரைக்கு ஸ்கேன் ஞாபகம் வந்துச்சு.

எம்.ஆர்.ஐ பாத்துட்டு ஷ்வானோமான்னு சொல்லிட்டாவ. நரம்பு உறையில மொளைக்கிற கட்டி, பெரும்பாலும் புத்துநோய் கெடையாது. அதக் கேட்டதும் ஒம் மீசை நிமிந்துட்டு. "ஆபரேசனுக்குச் சின்ன ஓட்டைதான் மாமா, தழும்பே தெரியாது"ங்க. ஏன்டே, ஒம் முதுகப் பாக்க யாரு வரிசையில நிக்கா?

ஓட்டை சின்னதுதான். சதைய அறுக்காம, குழாய் மேல குழாயா ஏத்தி வெலக்கி, ரெண்டு சென்டிமீட்டர் வாக்குல வழி பண்ணுவாவ. எண்டோஸ்கோப்ப விட்டு, எலும்பக் கொஞ்சம் சீவி, நரம்பப் பொதிஞ்ச சவ்வக் கீறிக் கட்டிய எடுப்பாவ. ரத்தச் சேதம் கம்மி, சீக்கிரம் எந்திரிச்சு நடக்கலாம். ஆனா அந்தச் சவ்வத் திருப்பித் தைக்கணுமே! குறுவாய்ச் சொம்புக்குள்ள கைய விட்டுக் கிழிசல் தைக்கிற பாடு அது. தையல் நழுவினா தண்டுவடத் தண்ணி கசியும். எந்திரிச்சு உக்காந்தா மண்ட பொளக்கும்.

அதனால ஓட்டை எம்புட்டுன்னு கேக்காத. கட்டி எம்புட்டு, எலும்பு இடுக்கு வழியா வெளியேயும் தல நீட்டியிருக்கான்னு கேளு. பெருசா நீட்டியிருந்தா, "தொறந்து பண்ணுததுதான் நல்லது"ம்பாரு டாக்டரு. அப்ப மூஞ்சியத் தூக்காத. சவ்வ எப்படி அடைப்பீக, நரம்பக் கண்காணிக்க மிஷின் உண்டா, இது மாதிரி எத்தன பண்ணியிருக்கீகன்னு கேளு. பொண்ணு பாக்கப் போன எடத்துல ஆயிரம் கேட்டவந்தான நீ!

1887-ல லண்டன்ல ஹார்ஸ்லின்னு ஒரு டாக்டரு ஒருத்தன் முதுகத் தொறந்தாரு. கட்டியக் காணும். ஸ்கேனா இருந்துச்சு அப்ப? இன்னும் மேல தொறந்துதான் புடிச்சாரு. அந்தாளு பெறவு எந்திரிச்சு நடந்தான். தழும்பு நீளமாச்சேன்னு சண்டைக்கா போயிருப்பான்?

இன்னொண்ணு. ஒண்ணுக்கு வராம அடைச்சாலோ, அடக்க முடியாமப் போனாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடு. அடுத்தவன் வரப்புத் தகராற மைக்கு போட்டுப் பேசுதவன், இத மட்டும் டாக்டருட்ட சொல்ல வெக்கப்படுவியாக்கும்.