பெயர் சொல்லாத அன்பர்

மலாய்க்காரர் பள்ளிவாசலுக்குப் பணம் தந்துவிட்டுப் பெயர் வேண்டாமென்றால், 'ஹம்பா அல்லா' என்று எழுதிக்கொள்வார்கள், இறைவனின் அடிமை. அத்தோடு ஆள் மறைந்துவிடுவார். நம்மிடமும் 'பெயர் கூற விரும்பாத அன்பர்' உண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் அந்த அன்பர் யாரென்பது, அன்னதானப் பந்தி முடிவதற்குள் துன் சம்பந்தன் சாலை முழுக்கத் தெரிந்துவிடும். பெரும்பாலும் அவரே சொல்லியிருப்பார்.

நம் மறைந்து நிற்கும் திறமையெல்லாம் மொட்டைக் கடிதத்தில்தான். மலாயில் அது 'சூராட் லாயாங்', பறக்கும் கடிதம். கோயில் நிர்வாகத் தேர்தல் நெருங்கினால் போதும், சிறகு முளைத்துவிடும்; அடியில் 'உண்மை விளம்பி' என்று கையொப்பம். முறைகேடு பற்றித் தகவல் தருவோரின் அடையாளத்தைக் காக்க 2010இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் அதற்கு அதிகாரியிடம் முறையாகப் புகார் தர வேண்டுமே! உண்மை விளம்பிகளுக்கு அவ்வளவு உண்மை ஆகாது.