கீதாரி இடரியல்: ஓர் அறிமுகம்

குடும்பத்தோடும் வளர்ப்புப் பிராணிகளோடும் ஆண்டு முழுக்க ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு நேரும் எதிர்பாராத இடர்கள் எவை, அவற்றிலிருந்து அவர்கள் எப்படி மீளுகிறார்கள் என்பது இவ்வாய்வின் பொருள். இது பற்றி மேலைநாட்டார் நிறைய எழுதிக் குவித்திருக்கிறார்கள். வேலையை உதறிவிட்டு, வேனுக்குள் மெத்தை போட்டு, பிள்ளைகளையும் நாயையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியவர்கள் அவர்கள். டயர் வெடித்தது, நாய்க்கு வயிறு சரியில்லை, விடுதியில் பூனைக்கு இடமில்லை என்று அவர்கள் பாடு நீள்கிறது. அந்தத் துயரங்களை இவ்வாய்வு மதிக்கிறது. ஆனாலும், ஒரு நாய்க்கு வயிறு சரியில்லாமல் போவதையும் 400 செம்மறிக்கு ஒரே ராத்திரியில் வயிறு சரியில்லாமல் போவதையும் ஒரே அத்தியாயத்தில் அடைப்பது முறையாகாது. ஆகவே செம்மறி மேய்க்கும் கீதாரிகளுக்கென்று தனியாக ஒரு துறை வேண்டியிருக்கிறது.

ஆய்வுக்களம் புதுக்கோட்டை மாவட்டம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து காவிரிப் பாசன வயல்களுக்குச் செம்மறி ஓட்டிப் போகும் கீதாரிகளுக்கு இது நடுவழி. மீமிசல், ஆவுடையார்கோயில், அறந்தாங்கி என்று உள்ளே போகலாம்; கோட்டைப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி என்று கடலோரமாகவே மேலே ஏறவும் செய்யலாம். தை மாதம் சம்பா அறுவடை முடிந்து தாள் மட்டும் நிற்கிற வயலில் பகலெல்லாம் மேய்ச்சல், இரவில் கிடை. ஆடு போடும் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு. அதற்கு வயல்காரர் கூலி தருவார். முன்பு நெல்லாக, இப்போது பெரும்பாலும் ரொக்கமாக. ஆட்டெரு அந்த வருஷமே பலிக்கும், மாட்டெரு அடுத்த வருஷந்தான் என்று உழவர்கள் சொல்வதுண்டு. உலகில் ராத்தங்கலுக்குக் காசு கொடுக்காமல் காசு வாங்கிக்கொள்ளும் பயணிகள் இவர்கள் மட்டுமே என்பதை வேன்காரர்கள் கவனிக்க வேண்டும்.

அஃதேல், செம்மறி வளர்ப்புப் பிராணி ஆகுமோ, அது தொழில் முதல் அன்றோ எனின், அற்றன்று. தாய் ஒதுக்கிய குட்டிக்குப் புட்டியில் பால் புகட்டுவதும், குளிருக்கு அதைப் பிள்ளையின் போர்வைக்குள் விடுவதும், ‘மொட்டைக்காதி’, ‘கருப்பி’ என்று பேர்வைத்துக் கூப்பிடுவதும் கிடையில் நடப்பவை. கிடை நாய் பற்றி எதிர்வாதமே இல்லை. குடும்பம் உண்டோ எனின், உண்டு. பனையோலையும் மூங்கிலும் வைத்துக் கட்டிய கூண்டில் குட்டிகள் கிடக்கும். பக்கத்திலேயே மூன்று கல் வைத்து உலை கொதிக்கும். சு. தமிழ்ச்செல்வியின் ‘கீதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தக் குடித்தனத்தைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை.

இத்துறையின் மூத்த பயணி அய்யனார். பூரணை, புஷ்கலை என இரு மனைவியர், குதிரை, யானை, நாய் சகிதம் இரவுதோறும் எல்லையைச் சுற்றி வருகிறார். புதுக்கோட்டைக் கிராமங்களில் அவருக்குக் குதிரை செய்து வைக்காத ஊர் குறைவு. குளமங்கலத்துக் குதிரை ஒரு மாடி வீட்டைக் குனிந்து பார்க்கும் உயரம். இத்தனை நூற்றாண்டில் அந்தக் குதிரைக்கு ஒரு சளி பிடித்ததாகக்கூடச் செய்தியில்லை. பிராணி மண்ணிலும் சுதையிலும் இருந்தால் கால்நடை மருத்துவர் தேவைப்படுவதில்லை என்பது இதனால் பெறப்படும்.

கல்லில் இருந்தால் இன்னும் விசேஷம். சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைக்க விரும்பியவர் 90 ஆடு, சில இடங்களில் 96 ஆடு கொடுப்பார். ஆடுகளை மன்றாடி என்னும் இடையர் ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் விளக்குக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். கல்வெட்டில் அந்த ஆடுகளுக்கு ‘சாவா மூவாப் பேராடு’ என்று பெயர். கிழடு சாகும், குட்டி பிறக்கும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது என்பது ஏற்பாடு. மன்றாடி இறந்தால் அவர் மகன் அளக்க வேண்டும். கோடை மழையோ, கொள்ளை நோயோ, நரியோ, எது வந்தாலும் கோயிலின் கணக்கில் ஆடு 90. நட்டம் முழுவதும் மேய்ப்பவருடையது. இடர் மேலாண்மையின் ஆதி வடிவம் இதுவே என இவ்வாய்வு முன்மொழிகிறது: இடரே கிடையாது என்று கல்லில் வெட்டிவிடுவது.

இன்றைய கால்நடைக் காப்பீடு அவ்வளவு கொடியதன்று. அது ஆடு சாகும் என்பதை ஒப்புக்கொள்கிறது. செத்த ஆட்டின் காதில் வில்லை இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. வில்லை இல்லையேல் இழப்பீடு இல்லை. சீமைக்கருவேல முள்ளுக்குள் நெற்றுப் பொறுக்க நாள்தோறும் நுழைந்து வெளிவரும் ஆட்டின் காதில் வில்லை எத்தனை நாள் தங்கும் என்பது தனி ஆய்வுக்குரியது. (அந்த நெற்றைத் தின்ற ஆடு போகிற இடமெல்லாம் புழுக்கையோடு விதையும் போட்டு, அடுத்த தலைமுறை முள்ளை வளர்க்கிறது என்பதும் உண்மை. தன் காதுக்குத் தானே குழிபறிக்கும் பிராணி வேறு இருப்பதாகத் தெரியவில்லை.)

இனி நோய். நல்ல மேய்ச்சல் கிடைக்காததால் ஆடு சாகும் என்று எவரும் நினைப்பர். கீதாரியின் பெரிய கவலை நல்ல மேய்ச்சல். கதிரறுக்கும் இயந்திரம் போன வயலில் சில இடங்களில் நெல் கொட்டிக் கிடக்கும். அதில் ஆட்டை இஷ்டத்துக்கு விட்டால் வயிறு உப்பி, விடிவதற்குள் நாலைந்து கால் நீட்டிவிடும். முதல் மழைக்குத் துளிர்த்த இளம்புல்லும் அப்படித்தான். துள்ளுமாரி என்னும் நோய் கொழுத்த குட்டியைத்தான் தேடி வரும். ஆகவே ஆடுகளை விருந்திலிருந்து காப்பாற்றுவது கீதாரியின் முதல் வேலை. பசியோடு நுழைய விடாமல், வரப்போரம் கொஞ்சம் மேய்த்து, பிறகு வயலில் சற்று நேரம் விட்டு, தின்று முடிப்பதற்குள் விரட்டி வெளியேற்ற வேண்டும். கல்யாணப் பந்தியில் சர்க்கரை நோய்க்காரரை உட்காரவைத்து எழுப்பும் கலைக்கும் இதற்கும் வேறுபாடு சிறிது.

வடகிழக்குப் பருவமழையோடு நீலநாக்கு நோய் வரும். கொசுவைவிடச் சிறிய கடிபூச்சி ஒன்று பரப்புகிறது. ஆட்டுக்கொல்லி நோய் இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டதே தமிழ்நாட்டில்தான்: 1987, விழுப்புரம் பக்கத்து அரசூர். இப்போது தடுப்பூசி உண்டு. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் கால்நடை ஆம்புலன்ஸும் வரும். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். “நேத்து வரைக்கும் சுப்பிரமணியபுரத்துக்கு மேக்கால கெடந்தோம், இன்னைக்கு எந்த ஊரு வயலுன்னு வயக்காரரைத்தான் கேக்கணும் சார்” என்று பதில் வந்தால் ஓட்டுநர் என்ன செய்வார் என்பதும் ஆய்வுக்குரியதே.

எதிர்பாராமை என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு நல்ல சான்று. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும். அந்த ஆண்டு மே 24ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். விடுதலைக்குப் பிறகு மே மாதத்தில் பாசனத்துக்குத் திறந்தது அதுவே முதல்முறை. தண்ணீர் வந்த வாய்க்கால்களில் உழவர்கள் பூத்தூவினார்கள். ஆட்டுக்காரர் கணக்கில் அது வீட்டுச் சொந்தக்காரர் பத்தொன்பது நாள் முன்கூட்டிக் காலி செய்யச் சொன்னதற்குச் சமம். வயல் நனைந்தால் கிடைக்கு இடமில்லை; சேற்றில் நின்ற ஆட்டுக்குக் குளம்பு அழுகும். பஞ்சாங்கத்தில் இல்லாத நல்ல சேதி கெட்ட சேதியைவிட மோசம்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்து புதுக்கோட்டை வழியாகவே உள்ளே போனது. தென்னைகள் சாய்ந்தன, ஆடுமாடுகள் ஏராளமாக மாண்டன, பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கூரையிழந்து வெட்டவெளியில் உலை வைத்தவர்களுக்கு அது பேரிடர். அந்த ஓர் அம்சத்தில் மட்டும் கீதாரி வீட்டுப் பெண்களுக்குப் புதிதாகக் கற்க எதுவுமில்லை. பிறகு 2020 மார்ச் 25, கிடைப் பருவத்தின் நட்டநடுவில், நாடு முழுக்க ஊரடங்கு. எல்லோரும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றது ஆணை. ஓலைக்கூண்டும் பட்டி வலையும் இன்று ஒரு வயல் நாளை ஒரு வயல் என்று நகரும்போது எது வீடு என்பதற்கு ஆணையில் விளக்கக் குறிப்பு இல்லை.

சாலை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் 1994 முதல் இலையுதிர் காலத்தில் ஒருநாள் செம்மறி மந்தையை நடுநகர் வழியாக ஓட்டுகிறார்கள். பழைய உரிமைக்கு அடையாளமாக நகராட்சிக்கு 50 மரவேடி நாணயம் செலுத்துகிறார்கள். மக்கள் இருபுறமும் நின்று கைதட்டுகிறார்கள். அறந்தாங்கிச் சாலையிலும் ஒலி எழுப்புகிறார்கள். அது ஏர்ஹாரன்.

திருட்டு விளையாட்டல்ல. நரிக்கு நாய் போதும். பைக்கில் இருவராக வந்து ஆட்டைத் தூக்கி நடுவில் வைத்துக்கொண்டு பறப்பவர்களுக்கு நாய் போதாது. 2021 நவம்பரில், இப்படிப்பட்ட ஆடு திருடர்களைத் திருச்சி நவல்பட்டிலிருந்து தனியாகத் துரத்திவந்த சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், இந்த மாவட்டத்துக் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். ராத்திரியில் கிடைக்கு ஆள்மாற்றிக் காவல் இருப்பது ஏன் என்று கேட்பவர்களுக்குக் கீதாரிகள் இப்போது வேறு விளக்கம் சொல்வதில்லை.

இவ்வளவையும் அவர்கள் எதைக் கொண்டு சமாளிக்கிறார்கள்? வேனுக்கு ஸ்டெப்னி, கீதாரிக்கு மச்சான். ஊரில் ஒரு சாவு என்று செல்போன் அடிக்கும். புறப்பட்டே ஆக வேண்டும். ஆட்டை யார் பார்ப்பது? பத்துக் கல் தொலைவில் கிடை போட்டிருக்கும் மைத்துனர் தன் மந்தையோடு சேர்த்து ஓட்டிக்கொள்வார். “நீ போயிட்டு வா மாப்ள, காதறுப்பு வேற வேறதானே, வந்து பிரிச்சுக்க” என்பதோடு ஒப்பந்தம் முடிந்தது. திரும்பி வந்து பிரிக்கும்போது ஒன்றிரண்டு குறைந்தால் அது பற்றிச் சிறிது காலம் பேச்சு இருக்கும். அடுத்த முறை இவர் அவருடையதை ஓட்டும்போது சரியாகிவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அப்பத்தாவிடம் ஊரிலேயே விட்டு வருவதும், அரிசியையும் நடக்கமாட்டாத குட்டிகளையும் ‘குட்டியானை’யில் ஏற்றி முன்னால் அனுப்புவதும், மோட்டார் கொட்டகையில் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொள்வதும் இந்த முறையின் பிற்காலச் சேர்க்கைகள். இவற்றால் நோயும் மழையும் சாவும் கீதாரியை அலைக்கழிக்குமே தவிர, திகைக்க வைப்பதில்லை. அவை இன்ன மாதத்தில் இன்ன வடிவில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

மச்சானாலும் தீர்க்க முடியாதது நிலம். அறுப்பு முடிந்த வயலில் உளுந்து தெளித்துவிட்டால் ஆடு இறங்க முடியாது. வானம் பார்த்த மேட்டுப் புறம்போக்குகள் முன்பு மழைக்கால மேய்ச்சலுக்கு இருந்தன. புதுக்கோட்டை தனி மாவட்டமான அதே 1974இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் தொடங்கப்பட்டது. அதன் தோட்டங்கள் பரவி, இன்று மாவட்டத்தில் தைல மரம் இல்லாத திசை இல்லை. தைல இலையைச் செம்மறி தின்னாது, அதன் அடியில் தின்பதற்கும் பெரிதாக ஒன்றும் முளைப்பதில்லை. ஐ.நா. பொதுச்சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. அந்த அறிவிப்பு எந்தத் தைலமரக் காட்டிலும் ஒட்டப்பட்டிருப்பதாகத் தகவல் இல்லை.

மீதி நிலம் மனைக்கட்டாகிறது. வெள்ளைக் கல் நட்டு, நுழைவாயிலில் வளைவு கட்டி, நகர் என்று பேர்வைத்த இடங்கள். அங்கேதான் இந்த இயலின் ஆகப் புதிய கண்டுபிடிப்பு நிகழ்ந்திருக்கிறது. உழவும் இல்லை, விதைப்பும் இல்லை, மருந்தும் அடிப்பதில்லை. கல்லுக்குக் கல் நடுவே புல் முழங்கால் உயரம். மனைக்காரர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார். வீட்டுக்கு வானம் தோண்டும்வரை மேய்க்கலாம். அறந்தாங்கிச் சுற்றுவட்டாரத்தில் அதற்குச் சிலசமயம் பத்து வருஷமும் ஆகும்.