சாவி வரமாட்டார், அடுத்த சோலியைப் பாருங்கள்

(இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோச் சமாச்சாரம். கடலை மிட்டாய் சீமைக்காரர்களுக்குக் கால்பந்தில் இத்தனை அக்கறையா என்று மலைத்துப்போய், வெள்ளாமை, வைத்தியம், சினிமாக் கேள்விகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன். கோபிக்க வேண்டாம்.)

டீக்கடைக்காரர், கயத்தாறு
அண்ணாச்சி, பார்சிலோனா சாவி நம்ம இந்திய ஃபுட்பால் டீமுக்கு கோச்சா வர மனு போட்டிருக்காருன்னு 2025-ல ஒரு தாக்கல் வந்துச்சே. கடையில அப்போ வேற பேச்சே இல்ல. உண்மையில என்னதான் நடந்தது?

வரிசையாகச் சொல்கிறேன், சிரிக்க வேண்டிய இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கேஸ் 2024 ஜூலையில் இந்திய அணியின் பொறுப்பை ஏற்றார். அதே சமயம் எஃப்.சி. கோவாவுக்கும் அவரே கோச். இந்தியாவுக்கு எட்டு ஆட்டம், ஒரே ஒரு வெற்றி, அதுவும் மாலத்தீவோடு. 2025 ஜூலை 2-ல் இரு தரப்பும் பேசிக் கணக்கை முடித்துக்கொண்டார்கள்.

அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஆள் தேடி விளம்பரம் கொடுத்தது. 170 விண்ணப்பங்கள் குவிந்தன. குவியலில் சாவியின் பெயரும் இருந்தது. தேசிய அணியின் இயக்குநர் சுப்ரதா பாலே பத்திரிகையிடம் அதை உறுதி செய்தார். சாவிக்குச் சம்பளம் கொடுத்துக் கட்டுப்படியாகாது என்பதால் அவர் தேறவில்லை என்றும் செய்தி வந்தது. அப்போது உலகத் தரவரிசையில் 133-ஆம் இடத்தில் நின்ற அணி, உலகக் கோப்பை ஜெயித்த ஆட்டக்காரரை ‘பட்ஜெட்டுக்கு ஒத்துவராது’ என்று கழித்துவிட்டது என்றால் எந்த ரசிகனுக்குத்தான் மீசை துடிக்காது?

ஓரிரு நாளில் காற்று இறங்கியது. சாவி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று சம்மேளனமே அறிக்கை விட்டது. பிறகு வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர், ‘சாவி பெயரில் மனுப் போட்டது நான்தான்’ என்றார். ஆகமொத்தம், விண்ணப்பிக்கவே செய்யாத ஒருவரை நிராகரித்த பெருமை நம் நாட்டுக்கு. தேசியக் கால்பந்தில் தமிழ்நாட்டின் பங்கு குறைவு என்று இனி யாரும் குறைப்பட வேண்டாம்.

ஜவுளிக்கடை ஊழியர், எட்டயபுரம்
பெப் கார்டியோலா பேரைப் பார்த்ததுமாவது சந்தேகம் வந்திருக்க வேண்டாமா?

2024 நவம்பரில்தான் மான்செஸ்டர் சிட்டியோடு 2027 வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டியிருந்தார் மனுஷன். அதைப் போட்டுவிட்டு, மாலத்தீவை மட்டும் ஜெயித்த அணியைத் தேடி ‘ஐயா, என் சுயவிவரத்தை இணைத்துள்ளேன்’ என்று எழுதுவாரா? பெயர் பெரிதாக இருந்தால் முகவரியைப் பார்க்கத் தோன்றாது. இது சம்மேளனத்துக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை.

சம்சாரி, விளாத்திகுளம்
என் மகன் செல்போனைப் பார்த்துப் பார்த்து ‘இவர் வர்றாரு, அவர் வர்றாரு’ங்கான். ஒருத்தரும் வந்தபாடில்லை. திரும்பவும் நம்புதான். இது என்ன கிறுக்கு?

மானாவாரிக்காரர் நீங்கள் இதைக் கேட்கலாமா? புரட்டாசிக் கடைசியில் வானம் கறுத்துக்கொண்டு நிற்கும். உழுது போட்ட கரிசல் வாயைப் பிளந்து கிடக்கும். உளுந்து விதையையும் பாசி விதையையும் எடுத்து வைப்போம். காற்று ஒரு திருப்புத் திருப்பும், மேகம் அடுத்த தாலுகாவில் போய்க் கொட்டும். மறுநாள் காலையில் வெளியே வந்ததும் முதல் காரியமாக அண்ணாந்துதானே பார்க்கிறோம்? உங்கள் மகனும் அண்ணாந்து பார்க்கிறான். அவன் வானம் உள்ளங்கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அவனைத் திட்டுமுன் பிரேசிலைப் பாருங்கள். 2023 ஜூலையில் அந்த நாட்டுக் கால்பந்துத் தலைவரே, ‘அடுத்த வருஷம் கோப்பா அமெரிக்காவுக்கு அன்செலோட்டி வந்துவிடுவார்’ என்று அறிவித்தார். அந்த டிசம்பரில் அன்செலோட்டி ரியல் மாட்ரிட்டோடு ஒப்பந்தத்தை நீட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிரேசிலுக்கு அவர் வந்து சேர்ந்தது 2025 மே மாதம். ஐந்து உலகக் கோப்பை வாங்கின நாடே கிட்டத்தட்ட இரண்டு வருஷம் ஒரு தாக்கலை நம்பிக் காத்திருந்தது. விளாத்திகுளத்துப் பையன் இரண்டு வாரம் காத்திருந்தால் தப்பா?

ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், கோவில்பட்டி
நாம ஹாக்கி ஊர்க்காரங்க. ஃபுட்பால் கோச் பஞ்சாயத்து நமக்கு எதுக்கு?

ஹாக்கியில் மட்டும் பஞ்சாயத்து இல்லையா? 2004-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக் தொடங்கச் சில வாரம் இருக்கும்போது ராஜிந்தர் சிங்கை எடுத்துவிட்டு ஜெர்மன்காரர் கெர்ஹார்ட் ராக்கைக் கொண்டுவந்தார்கள். முகம் பழகுவதற்குள் போட்டி முடிந்தது, ஏழாம் இடம். 2015-ல் டச்சுக்காரர் பால் வான் ஆஸ். ஆண்டின் தொடக்கத்தில் வந்தார். பெல்ஜியத்தில் நடந்த போட்டியில் ஹாக்கி இந்தியாவின் தலைவரோடு மைதானத்திலேயே வாக்குவாதம். ‘என்னை நீக்கிவிட்டார்கள்’ என்கிறார் கோச். ‘நாங்கள் நீக்கவில்லை’ என்கிறது ஹாக்கி இந்தியா. ஒரு மனுஷனுக்கு வேலை இருக்கிறதா இல்லையா என்று நாடே சில நாள் குழம்பியது. ஜூலைக்குள் நிஜமாகவே நீக்கினார்கள்.

நம் ஊர்ப் பெருசுகளுக்கும் ரசிகர் புத்தி குறைச்சல் இல்லை. லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைப் போட்டி நடக்கும்போது கிருஷ்ணா நகர் மைதானத்துக்குப் போய், கோல் கம்பத்துக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் தெளித்து முடிப்பதற்குள் இந்திய அணியின் கோச்சை மூன்று தடவை மாற்றியிருப்பார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஆட்கள் கோச்சைத் திட்டிக்கொண்டே, ‘அந்த ஏழாம் நம்பர் பையன் குனிஞ்சு அடிக்கலை பாரு’ என்று அடுத்த மூச்சில் ஆட்டத்துக்கு வந்துவிடுவார்கள். பையன் யார், எந்தத் தெரு, யாரிடம் பழகினான் என்பதும் தெரியும். கால்பந்து ரசிகர்களில் பெரும்பாலோருக்குத் திரையைத் தாண்டி ஒரு மைதானமே கிடையாது. அதனால் அவர்களுக்குப் பேச மிச்சம் கோச் ஒருவர்தான்.

ஜோசியத்தில் நம்பிக்கை உள்ளவர், கழுகுமலை
கோச்சைத் தேர்ந்தெடுக்கும்போது ஜாதகம் பார்த்தால் இந்த வம்பெல்லாம் இருக்காதே?

உங்களுக்கு முன்னாலேயே ஒருவர் யோசித்துவிட்டார். 2022 ஜூனில் ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றின்போது, அப்போதைய கோச் இகோர் ஸ்டிமாச் ஆட்டக்காரர்களின் விவரத்தை ஒரு ஜோசியருக்கு அனுப்பி யோசனை கேட்டார் என்று 2023-ல் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ செய்தி வெளியிட்டது. ஆப்கானிஸ்தானோடு நடந்த ஆட்டத்தில் 2-1 என்று ஜெயித்தோம். கடைசி நேரத்தில் சுனில் சேத்ரி ஒன்று, சஹல் அப்துல் சமத் ஒன்று. ஜோசியருக்கு இதில் எத்தனை பங்கு என்று கேட்டால், சேத்ரியின் காலுக்கு எந்தக் கிரகம் அதிபதி என்று முதலில் நீங்கள் சொல்ல வேண்டும். 2024 ஜூனில் ஸ்டிமாச்சை நீக்கினார்கள். வழக்கு வம்பு வேண்டாமென்று பிற்பாடு அவருக்கு 4 லட்சம் டாலர் கொடுத்து முடித்ததாகவும் செய்தி. இந்தச் செலவை எந்தக் கட்டத்திலும் யாரும் பார்க்கவில்லை.

பட்டாசுக் கடைக்காரர், சாத்தூர்
வெளிநாட்டுக் கோச்சா, உள்ளூர்க் கோச்சா? ஒரே வார்த்தையில் பதில் தேவை.

முடியாது.

மார்க்கேஸ் இருந்த இடத்துக்கு 2025 ஆகஸ்ட் 1-ல் காலித் ஜமீலை நியமித்தார்கள். கடைசிப் பட்டியலில் கூட இருந்தவர்கள் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும் ஸ்லோவாக்கியாவின் ஸ்டெஃபான் தார்கோவிச்சும். இந்தியர் ஒருவர் முழுநேரப் பொறுப்புக்கு வந்தது 13 வருஷம் கழித்து. மிசோரத்தின் ஐஸால் அணியை 2017-ல் ஐ-லீக் சாம்பியன் ஆக்கினவர் இவர். அதற்கு முந்தின வருஷம் தரமிறக்கப்பட்டு, வேறு அணிகள் விலகியதால் திரும்ப உள்ளே வந்த அணி அது. அந்த வெற்றியை இன்னமும் என்னால் முழுசாக நம்ப முடியவில்லை.

ஆகஸ்டில் எல்லாரும் ‘நம்மாளு வந்துட்டாரு’ என்றார்கள். வந்தவுடன் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே ஜெயித்து, மத்திய ஆசியப் போட்டியில் ஓமனைப் பெனால்டியில் வென்று மூன்றாமிடம். கொண்டாட்டம். அக்டோபர் 14-ல் மட்கானில் சிங்கப்பூரோடு 1-2, ஆசியக் கோப்பை வாய்ப்புப் போச்சு. நவம்பர் 18-ல் டாக்காவில் வங்கதேசத்தோடு 0-1, 22 வருஷத்தில் அவர்களிடம் முதல் தோல்வி. உடனே ‘வெளிநாட்டுக்காரனைக் கூப்பிடு’ என்று அதே வாய் சொன்னது. இதே தகுதிச் சுற்றில் வெளிநாட்டுக்காரர் இருந்தபோதுதான் வங்கதேசத்தோடு கோல் இல்லாமல் டிரா செய்து, ஹாங்காங்கிடம் தோற்றோம். அது அதற்குள் மறந்துபோச்சு.

கோல் அடிக்க ஆள் இல்லாத அணிக்கு எந்த ஊர்க் கோச் வந்தாலும் சேத்ரியைத்தான் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கும். 2024-ல் ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில், 40 வயதில், அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

கல்லூரி மாணவர், கடம்பூர்
நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். எங்களுக்கு எப்போது நல்ல கோச் வருவார்?

26 வருஷம் இருந்த ஃபெர்குசன் 2013-ல் ஓய்வு பெற்றார். அவரே கைகாட்டின டேவிட் மாய்ஸுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம் போட்டு, பத்தே மாதத்தில் அனுப்பினார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது உங்கள் பிணி. தம்பி, அரியர் எத்தனை பாக்கி?

தீப்பெட்டி ஆபீஸ் கணக்கர், கோவில்பட்டி
மனு என்றதும் எனக்கும் ஆசை. நானும் கோச் ஆக முடியுமா?

தாராளமாக. சம்மேளனம் நடத்தும் ‘டி’ லைசென்ஸ் வகுப்பில் தொடங்கி சி, பி, ஏ, புரோ என்று படி ஏற வேண்டும். உச்சிப்படிக்குப் போகப் பல வருஷம் ஆகும். முதல் படியிலேயே நின்றாலும் தெருப்பிள்ளைகளுக்குப் பந்தை நிறுத்தி உதைக்கச் சொல்லிக்கொடுக்கலாம். தீப்பெட்டிக் கட்டை எண்ணும் பொறுமை உள்ளவருக்கு இது சிரமமே இல்லை.

ஒரு தாய், நாலாட்டின்புத்தூர்
என் மகளுக்குப் பந்து விளையாட ஆசை. பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் இல்லை. விளையாட்டுப் பீரியடிலும் கணக்குதான் நடக்கிறது. தேசிய அணிக் கோச்சுக்கு இத்தனை பேச்சு பேசுகிறார்களே, இதற்கு யாரிடம் பேச?

இந்த வாரம் வந்ததில் பதில் சொல்லத் தகுந்த கேள்வி உங்களுடையது. மற்றவர்கள் மன்னிக்க.

இந்தியாவுக்கு வாய்த்த கோச்சுகளில் பெரியவர் ஹைதராபாத்தின் சையத் அப்துல் ரஹீம். 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நாலாம் இடம். அதற்குப் பிறகு அந்த உயரத்தை நாம் தொடவே இல்லை. அவர் தொழிலால் பள்ளிக்கூட வாத்தியார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவர் அணியில் ஆடி, பெரு நாட்டுக்கு எதிராகக் கோல் போட்டவர் நம் தமிழர் சைமன் சுந்தரராஜ். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட கடைசிக் கோல் இன்றைக்கும் அதுதான். அந்த சைமனே கோச் ஆகி 1973-ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியை வாங்கிக் கொடுத்தார். இவர்கள் வரப்போகிறார்கள் என்று எந்த டீக்கடையிலும் வடை ஆறியிருக்காது.

அவ்வளவு தூரம் போவானேன்? 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பை ஹாக்கியில் நம் கோவில்பட்டி மாரீஸ்வரன் இந்தியச் சட்டை போட்டார். கூடவே ஆடிய கார்த்தி அரியலூர்க்காரர். கோவில்பட்டி விடுதியில் தங்கிப் பழகி, பாகிஸ்தானுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோல் போட்டவர். இரண்டு பேரையும் வளர்த்தது கட்டாந்தரையில் விடிகாலையில் நின்று விசில் ஊதின உள்ளூர்ப் பயிற்சியாளர்கள். அவர்களுடைய நியமனம் பற்றி ஒரு வதந்தியாவது வந்ததுண்டா?

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு நாலு தாய்மாரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பி.டி. டீச்சர் வேண்டும், விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அதன் நகலோடு திங்கட்கிழமை தூத்துக்குடி கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். மனு கொடுத்தால் ரசீது தருவார்கள், மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வந்தால் எனக்கும் ஒரு கார்டு போடுங்கள், இதே இடத்தில் போடுகிறேன்.